எட்டரை மில்லிமீட்டர் பிழை: வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிடாரில் பிரிட்ஜை இடம் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மரவேலையில் நல்ல கைப்பழக்கம் உள்ள ஒருவர் தன் முதல் எலெக்ட்ரிக் கிடாரை வீட்டிலேயே செய்தார். இரண்டு மஹோகனிப் பலகைகளை ஒட்டி, 44 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, பாடியைத் தானே வெட்டினார். நெக்கை ஆயத்தமாக வாங்கினார்: மேப்பிள் மரம், 22 ஃப்ரெட் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகள்), ஸ்கேல் நீளம் (தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் வெட்டுகள் கொண்ட நட் முதல் பிரிட்ஜ் வரை கணக்கிடும் கம்பி நீளம்) 25.5 அங்குலம், அதாவது 647.7 மி.மீ., சுருக்கமாக 648. நான்கு திருகுகளால் பாடியோடு இணைக்கும் வகை. பிரிட்ஜ், அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தட்டு, கருப்புப் பூச்சு பூசிய தட்டையான நிலை வகை. அதில் கம்பிகளைப் பாடியின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாகவும் ஏற்றலாம், தட்டின் பின்சுவரில் உள்ள துளைகள் வழியாகவும் ஏற்றலாம். தட்டின் மேல் கம்பிக்கு ஒன்றாக உள்ள, கம்பி ஊன்றும் ஆறு சேடில்களும் முன்பின்னாக மொத்தம் 10 மி.மீ. நகரும். கம்பிகள் 10-46 தொகுப்பு: மிக மெல்லிய 1ஆம் கம்பி முதல் மிகத் தடித்த 6ஆம் கம்பி வரையான தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்காக. மரத்துக்கு எண்ணெய்ப் பூச்சு.

நெக் பள்ளத்தையும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) குழிகளையும் ரவுட்டரும் அச்சுத் தகடும் வைத்துச் சுத்தமாக வெட்டியிருந்தார். பள்ளத்தின் ஆழம் சீராக 16 மி.மீ.; நெக் அதில் கையால் அழுத்தினால் இறங்கும் அளவுக்குப் பொருந்தியது. முதல் கிடாரில் இந்த இறுக்கம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே கோளாறு கைவேலையில் இல்லை, எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார் என்பதில்தான் இருந்தது.

முதல் அறிகுறிகளும் உரிமையாளர் செய்து பார்த்தவையும்

கம்பி ஏற்றியதும் திறந்த கம்பிகள் சுருதி சேர்ந்தன. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் பிடித்த கார்டுகளும் நன்றாகவே ஒலித்தன. ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டியதும் கார்டுகள் கலங்கின. 12ஆம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளும் சுருதி ஏறி நின்றன. சேடில்கள் ஆறையும் கடைசி வரை பின்னே தள்ளியும் பிழை தீரவில்லை. இதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. மேல் ஃப்ரெட்டுகளில் 1ஆம் கம்பியைச் சற்றே கீழ்நோக்கி இழுத்தாலும் அது ஃப்ரெட்டின் ஓரத்திலிருந்து வழுக்கி வெளியே போனது.

உரிமையாளர் முதலில் கம்பிகள் பழுதென்று எண்ணிப் புதிய தொகுப்பு போட்டார். பிறகு நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை இறுக்கி நெக்கை நேராக்கினார். அதிலும் தீராததால், சுருதி ஏறினால் நட் உயரமாக இருக்கும் என்ற பொதுவான அறிவுரையை நம்பி நட்டின் வெட்டுகளை அரத்தால் ஆழப்படுத்தினார். அந்த அறிவுரை தவறானதல்ல, ஆனால் அது வேறொரு நோய்க்கான மருந்து. விளைவாக 3ஆம் கம்பியும் 4ஆம் கம்பியும் திறந்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் உரசி அதிர ஆரம்பித்தன. இன்டோனேஷன் பிழை, அதாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது வரும் சுருதிப் பிழை, அப்படியே இருந்தது. இந்த நிலையில்தான் கிடார், செட்டப் வேலையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரிடம் வந்தது. இனி அவரைச் சீரமைப்பவர் என்றே குறிப்பிடுவோம்.

ஆய்வில் கண்டவை

சீரமைப்பவர் எதையும் கழற்றுமுன் ட்யூனரை வைத்து 6ஆம் கம்பியை நான்கு இடங்களில் அளந்தார். திறந்த கம்பி சரியாகச் சுருதி சேர்க்கப்பட்ட நிலையில் 1ஆம் ஃப்ரெட்டில் சுமார் 1 சென்ட், 5ஆம் ஃப்ரெட்டில் 7, 12இல் 21, 17இல் 36 சென்ட் ஏற்றம் தெரிந்தது. ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. 12ஆம் ஃப்ரெட்டில் 3ஆம் கம்பி 17 சென்ட், 1ஆம் கம்பி 13 சென்ட் ஏறியிருந்தன.

இந்த நான்கு எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன. நட் உயரமாக இருந்தால் பிழை 1ஆம் ஃப்ரெட்டில் மிக அதிகமாக இருந்து, மேலே போகப்போகக் குறையும். ஏனென்றால் நட்டை ஒட்டி அழுத்தும்போதுதான் கம்பி அதிகமாக இழுபடுகிறது. பிரிட்ஜ் முன்னே வந்திருந்தால் நேர்மாறு: 1ஆம் ஃப்ரெட்டில் பிழை ஏறக்குறைய இல்லை, மேலே போகப்போக வளரும். அழுத்திய ஃப்ரெட்டுக்கும் சேடிலுக்கும் இடையே மிஞ்சும் கம்பி குட்டையாகக் குட்டையாக, குறைகிற அதே சில மில்லிமீட்டர்கள் அதில் பெரிய பங்காகின்றன. கம்பி உயரம் அளவுக்கு மிஞ்சி இருந்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் ஏற்றம் வரும். ஆனால் இங்கே 12ஆம் ஃப்ரெட்டில் உயரம் 2 மி.மீ. தான், அது 21 சென்ட் பிழையைத் தராது.

அடுத்து நெக்கின் மேல் சந்தேகம் வேண்டாம் என்பதற்காக ஃப்ரெட் இடங்களை எஃகு அளவுகோலால் சரிபார்த்தார். நட்டின் முன்விளிம்பிலிருந்து 5ஆம் ஃப்ரெட் 162.5, 7ஆம் ஃப்ரெட் 215.4, 12ஆம் ஃப்ரெட் 323.9 மி.மீ. மூன்றும் 647.7 ஸ்கேலுக்கான அளவுகள். ஒவ்வோர் அளவும் நட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து ஏமாற்றும்.

12ஆம் ஃப்ரெட்டிலிருந்து, முழுக்கப் பின்னே தள்ளிய சேடிலின் மேல் கம்பி தொடும் இடம் வரை 320.6 மி.மீ. இருந்தது. குறைந்தபட்சம் 323.9 இருக்க வேண்டும். அதற்கு மேலும் கம்பியின் விறைப்பையும் அழுத்தும்போது வரும் இழுவையையும் ஈடுகட்டக் கூடுதல் நீளம் வேண்டும். இந்தக் கம்பித் தொகுப்புக்கு 1ஆம் கம்பியில் சுமார் 1.5 முதல் 2 மி.மீ., சுற்றில்லாத 3ஆம் கம்பியில் 3 மி.மீ. அளவில், 6ஆம் கம்பியில் 4.5 முதல் 5 மி.மீ. என்பது வழக்கம். 648 ஸ்கேலில் சேடிலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 12ஆம் ஃப்ரெட்டில் சுமார் 2.7 சென்ட் மாறும். 6ஆம் கம்பிக்கு 8 மி.மீ. பற்றாக்குறை என்றால் 21 சென்ட். ட்யூனரும் அளவுகோலும் ஒரே விடையைச் சொன்னபின் ஐயத்துக்கு இடமில்லை.

பக்கவாட்டு அளவும் எடுக்கப்பட்டது. 22ஆம் ஃப்ரெட்டில் 6ஆம் கம்பிக்கும் ஃப்ரெட்போர்டு ஓரத்துக்கும் இடைவெளி 5.6 மி.மீ., 1ஆம் கம்பிப் பக்கம் 2.8 மி.மீ. நட்டில் இரு பக்கமும் சமம். ஆகவே பிரிட்ஜ் 1ஆம் கம்பிப் பக்கமாகச் சுமார் 2 மி.மீ. விலகியிருந்தது. பிக்கப்பின் காந்த முனைகளுக்கு மேல் கம்பிகள் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றதும் இதை உறுதி செய்தது.

நெக்கைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. பாடியில் நெக் திருகுகள் நுழையும் துளைகள் 4 மி.மீ. விட்டத்தில் இருந்தன, திருகின் வெளிவிட்டமோ 4.2 மி.மீ. திருகு பாடியிலும் மரையாகக் கடித்து, நெக்கிலும் கடித்தது. அப்படி இரண்டு மரத்திலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மூடாது. பள்ளத்தின் ஒரு மூலையில் இடைவெளி அளக்கும் 0.3 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தது. உரிமையாளர் சொல்லாத, ஆனால் சுருதி நிலைக்காததற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய குறை இது.

பிழை எங்கே பிறந்தது

உரிமையாளரின் வரைபடத்தைப் பார்த்ததும் கணக்கு விளங்கியது. அவர் நட்டிலிருந்து ஃப்ரெட்போர்டின் கடைசி விளிம்பு வரை அளந்திருந்தார்: 472 மி.மீ. 648இல் அதைக் கழித்து, நெக் பள்ளத்தின் சுவரிலிருந்து 176 மி.மீ. தூரத்தில் சேடிலின் இடத்தைக் குறித்தார். ஆனால் பள்ளத்தின் சுவரில் முட்டுவது ஃப்ரெட்போர்டின் விளிம்பு அல்ல, நெக்கின் ஹீல், அதாவது பள்ளத்துக்குள் உட்காரும் அதன் அடிப்பகுதி. இந்த நெக்கில் ஹீல் நட்டிலிருந்து 463.5 மி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் 8.5 மி.மீ. ஃப்ரெட்போர்டு மட்டும் பாடியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பிரிட்ஜ் அதே 8.5 மி.மீ. முன்னே வந்துவிட்டது.

இந்த நீட்டலுக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950களின் ஃபெண்டர் நிறுவனக் கிடார்களில் 21 ஃப்ரெட்தான். பின்னாளில் 22 ஃப்ரெட் வேண்டும் என்றபோது, அதே பள்ளத்தில் அதே ஹீல் பொருந்த வேண்டும் என்பதற்காக ஃப்ரெட்போர்டை மட்டும் நீட்டினார்கள். 21க்கும் 22க்கும் இடையே இந்த ஸ்கேலில் 10.8 மி.மீ. தூரம். ஆயத்த நெக் வாங்கிப் பாடி செய்பவர்கள் இந்த நீட்டலை நெக்கின் முடிவாக எடுத்துக்கொள்வது மிகவும் நடக்கக்கூடியது. ஏனென்றால் மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் விளிம்பு அது ஒன்றுதான்.

இதற்கு மேல் இரண்டாவது சிறு பிழையும் சேர்ந்தது. குறித்த கோட்டில் சேடில் தன் ஓட்டத்தின் நடுவில் நிற்குமாறு பிரிட்ஜை வைத்திருந்தார். கோடு சரியாக இருந்திருந்தாலும் சேடில்கள் 643 முதல் 653 வரைதான் எட்டியிருக்கும். 6ஆம் கம்பிக்கு 652.5 வேண்டும் என்றால் கடைசி அரை மில்லிமீட்டர்தான் மிச்சம். சேடில் ஸ்கேல் கோட்டுக்கு முன்னே வரவேண்டிய தேவை அநேகமாக இருப்பதில்லை, பின்னேதான் போகும். ஓட்டத்தின் பெரும்பங்கு கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பக்கவாட்டு விலகலுக்கு மூலம் வேறு. நெக் பள்ளமும் பிக்கப் குழிகளும் இரு பலகைகள் ஒட்டிய கோட்டை நடுக்கோடாகக் கொண்டு வெட்டப்பட்டவை. பிரிட்ஜைத் துளைக்கும் வேளையில் பாடி உப்புத்தாள் போட்டு முதல் எண்ணெய்ப் பூச்சும் கண்டிருந்ததால் ஒட்டுக்கோடு தெரியவில்லை. எனவே பாடியின் இரண்டு ஓரங்களிலிருந்து அளந்து நடுவைப் பிடித்தார். கையால் வளைவு கொடுத்த ஓரங்கள் சமமாக இல்லை.

இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

முதலில் பேசப்பட்டது நெக்கை வெளியே தள்ளும் வழி. பள்ளத்தின் சுவரோரம் 8.5 மி.மீ. மரத்துண்டு ஒட்டி நெக்கை அவ்வளவு முன்னே கொண்டுபோனால் பிரிட்ஜைத் தொட வேண்டாம். நீட்டியிருக்கும் ஃப்ரெட்போர்டு அந்தத் துண்டைச் சரியாக மூடிவிடும், எனவே பார்வைக்கும் குறையில்லை. உரிமையாளர் இதையே விரும்பினார். சீரமைப்பவர் மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பக்கவாட்டு விலகல் அப்படியே நிற்கும். சேடில்களின் எல்லை 653க்கு மேல் போகாது, தடித்த கம்பி போட்டால் மீண்டும் பற்றாது. 76 மி.மீ. நீளப் பள்ளத்தில் நெக் ஊன்றும் பரப்பு 67.5ஆகக் குறையும். ஹீலில் நான்கு துளைகளையும் அடைத்து மீண்டும் துளைக்க வேண்டும். நெக் வெளியே நகர்வதால் கிடார் தோளில் தொங்கும்போது தலைப்பக்கம் சாயும் போக்கும் கூடும்.

குட்டை ஸ்கேல் நெக் ஒன்றை வாங்கிப் போடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 24.75 அங்குல மாற்று நெக்குகள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை பள்ளத்தின் சுவருக்கும் ஸ்கேல் கோட்டுக்கும் இடையே வழக்கமான 184 மி.மீ. அளவு தூரம் இருக்கும் பாடிகளுக்காகவே ஹீல் வெட்டப்பட்டவை. இந்தப் பாடியில் அந்தத் தூரமே 176. நெக்கை மாற்றினாலும் பிழை கூடவே வரும்.

எஞ்சியது பிரிட்ஜை நகர்த்துவது. நீளப் பிழையும் பக்கப் பிழையும் ஒரே வேலையில் தீரும் என்பதே இதைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம். 1ஆம் கம்பியின் சேடில் முழு முன்நிலையிலிருந்து 2 மி.மீ. பின்னே நிற்கும்போது 648 கோட்டில் இருக்குமாறு தட்டை வைத்தால் ஓட்டம் 646 முதல் 656 வரை கிடைக்கும். அதற்குத் தட்டு 11.5 மி.மீ. பின்னேயும் 2 மி.மீ. பக்கவாட்டிலும் போக வேண்டும்.

கம்பிகளைப் பாடி வழியாக ஏற்றும் ஆசையை உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 44 மி.மீ. ஆழத்துக்கு ஆறு துளைகளைக் கைடிரில்லால் செங்குத்தாகப் போட முடியாது. பின்பக்கத்தில் வெளிவரும் வரிசை வளைந்துவிடும், ஸ்டாண்டு டிரில்லின் கழுத்தோ பாடியின் நடுவரை எட்டவில்லை. தட்டின் பின்சுவரிலேயே துளைகள் இருந்ததால் கம்பிகளை அங்கிருந்து ஏற்ற முடிவானது. பின்பக்கத்தில் கம்பியின் முனையைத் தாங்கும் உலோக ஃபெரூல்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. அவற்றைப் பிடுங்கினால் 8 மி.மீ. குழிகள் ஆறு அடைத்துப் பூச்சு போட வேண்டியிருக்கும், பயனோ எதுவுமில்லை.

திருத்த வேலை

முதலில் நெக். பாடியின் நான்கு துளைகளும் 4.5 மி.மீ. ஆக்கப்பட்டு, திருகு விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகும் நிலைக்கு வந்தன. ஹீலின் துளைகள் நன்றாக இருந்ததால் தொடப்படவில்லை. பள்ளத்தின் அடித்தளத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பூச்சின் திட்டுகள் உளியால் சுரண்டி எடுக்கப்பட்டன. நெக்கை இறுக்கியபின் 0.05 மி.மீ. தகடும் எந்த மூலையிலும் நுழையவில்லை. இதற்குப் பிறகே பிரிட்ஜுக்கான எந்த அளவும் எடுக்கப்பட்டது. நெக் இறுகும்போது அது நிற்கும் கோணமும் ஆழமும் சிறிதளவு மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

பழைய திருகுத் துளைகளை அடைப்பதில் ஒரு நுணுக்கம் கவனிக்கப்பட்டது. தட்டின் முன்விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே இருந்த துளைகள், தட்டு 11.5 மி.மீ. பின்னே போனதும் வெளியே தெரியும். அவற்றில் கடையில் கிடைக்கும் உருண்டை மரமுளையை அடித்தால் மேலே தெரிவது மரத்தின் வெட்டுமுகம். அது எண்ணெயை அதிகமாகக் குடித்துக் கறுத்துப் பொட்டாக நிற்கும். அதனால் பாடி வெட்டியபோது மிஞ்சிய அதே மஹோகனித் துண்டிலிருந்து, பலகையின் முகப்பில் பிளக் கட்டர் வைத்து 8 மி.மீ. அடைப்புகள் வெட்டப்பட்டன. இப்படி வெட்டினால் ரேகை அடைப்பின் தலையில் குறுக்காக ஓடும், பாடியின் ரேகையோடு திருப்பிப் பொருத்தலாம். பழைய துளைகள் 8 மி.மீ. விட்டத்துக்கு 12 மி.மீ. ஆழம் வரை விரிக்கப்பட்டு, வெள்ளை மரப்பசையோடு அடைப்புகள் இறக்கப்பட்டன. பிதுங்கிய பசை உடனே ஈரத் துணியால் துடைக்கப்பட்டது. காய்ந்த பசை இருக்கும் இடத்தில் எண்ணெய் ஏறாது, வெளுத்த வட்டம் நிற்கும். தட்டுக்கு அடியில் மறையும் துளைகளுக்குச் சாதாரண மரமுளை போதுமானதாக இருந்தது. கம்பிகள் போன பழைய துளைகளில், புதிய திருகுக்கு அருகே வந்த இரண்டு மட்டும் அடைக்கப்பட்டன.

பசை முழுதாக ஒரு நாள் காய்ந்தபின் அடைப்பின் தலையை உளியால் சீவினார்கள். முதல் சீவல் பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் மேலேயே நின்றது. ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அந்தச் சீவலே காட்டும். அதைப் பார்க்காமல் ஒரே வீச்சில் தட்டினால் அடைப்பு பரப்புக்குக் கீழே பெயர்ந்து குழி விழும்.

அடுத்து இடம் குறித்தல். நட்டின் இரண்டு கடைசி வெட்டுகளிலிருந்தும் மெல்லிய கம்பிகளை இழுத்து, தளர்வாக வைத்த பிரிட்ஜின் 1ஆம், 6ஆம் சேடில்களின் மேல் போட்டு, 22ஆம் ஃப்ரெட்டில் இரு ஓரமும் 4.2 மி.மீ. வரும் வரை தட்டு நகர்த்தப்பட்டது. நீளம் நட்டிலிருந்து ஒரே அளவாக 648 குறிக்கப்பட்டு, 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 323.9 என்று இரண்டாம் முறை சரிபார்க்கப்பட்டது. தட்டின் முன்விளிம்பு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்தபின், மாஸ்கிங் டேப்பின் மேல் துளை மையங்கள் கூரிய ஊசியால் குத்தப்பட்டன. பென்சில் புள்ளியில் டிரில் முனை வழுக்கும், குத்திய குழியில் வழுக்காது.

இங்கே சீரமைப்பவர் எடுத்த ஒரு முன்னெச்சரிக்கை மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போடவில்லை. மூலைக்கு மூலையாக இரண்டே திருகுகளை மட்டும் போட்டு, 1ஆம் கம்பியையும் 6ஆம் கம்பியையும் முழுச் சுருதிக்கு ஏற்றி, 12ஆம் ஃப்ரெட்டில் ட்யூனரைப் பார்த்தார். 1ஆம் சேடிலை 649.5க்கும் 6ஆம் சேடிலை 652.5க்கும் கொண்டுவந்ததும் இரண்டுமே 2 சென்ட்டுக்குள் அடங்கின. ஓட்டத்தில் முன்னும் பின்னும் இடம் மீதியிருந்தது. தவறியிருந்தால் அடைக்க வேண்டியவை இரண்டு துளைகள்தான்.

திருகுகளின் வெளிவிட்டம் 3.5 மி.மீ., திருகு ஏற்றுமுன் போடும் துளை 2.5. ஆழம் தாண்டாமலிருக்க டிரில் முனையில் 20 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றப்பட்டது. மரையில் மெழுகு தடவப்பட்டது. சோப்பு ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் தவிர்க்கப்பட்டது. வெளியே தெரிந்த அடைப்புகளின் மேல் 320 உப்புத்தாள் போட்டு, எண்ணெய் மூன்று முறை காயவிட்டுத் தடவினார்கள். எண்ணெய்ப் பூச்சு என்பதால்தான் இப்படி ஒரு மூலையை மட்டும் திருத்த முடிந்தது. லாக்கர் பூசியிருந்தால் எல்லைக்கோடு தெரியாமல் திருத்துவது இதைவிடப் பல மடங்கு பெரிய வேலை.

ஆழமாக அறுபட்ட நட் காப்பாற்றப்படவில்லை. பசையும் தூளும் நிரப்பி உயர்த்தலாம், ஆனால் கம்பி தேய்த்து மீண்டும் இறங்கும். புதிய எலும்பு நட் பொருத்தி, 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது 1ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு மயிரிழை இடைவெளி மிஞ்சும் வரை வெட்டுகள் இறக்கப்பட்டன.

புதிதாக வந்த இரைச்சல்

ஆம்பில் இணைத்ததும் முன்பு இல்லாத ஒரு ரீங்காரம். கம்பியைத் தொட்டால் குறையவில்லை, கேபிளின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தது. இது பிரிட்ஜ் கிரவுண்டோடு இணையவில்லை என்பதன் தெளிவான அடையாளம். மல்டிமீட்டரில் ஜாக்கின் உறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகுக்கும் இடையே 0.2 ஓம். ஜாக்கின் உறைக்கும் கம்பிக்கும் இடையே தொடர்பே இல்லை.

காரணம் பிரிட்ஜின் கருப்புப் பூச்சு. பழைய நிலையில் கிரவுண்ட் வயரின் முனை தற்செயலாக ஒரு திருகோடு சேர்ந்து கடிபட்டிருந்தது, திருகு வழியாக உலோகத்தைத் தொட்டது. இடம் மாறியபின் வயர் தட்டுக்கு அடியில் படுத்தது. அடிப்புறத்திலும் பூச்சு இருந்ததால் மின்தொடர்பு அற்றுப்போனது. வயர் தொடும் இடத்தில் விரல்நுனி அளவு பூச்சை 240 உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, வயரின் இழைகளை விசிறியாக விரித்து வைத்துத் தட்டை இறுக்கியதும் 0.4 ஓம் வந்தது. ஒரு கம்பியோடு நிறுத்தாமல் ஆறையும் சோதித்ததில் இரண்டு கம்பிகள் இன்னும் தொடர்பில்லாமல் இருந்தன. சேடிலிலும் கம்பித் துளையின் உள்விளிம்பிலும் அதே பூச்சு. அந்த இரண்டு துளைகளின் விளிம்பைச் சுரண்டியபின் ஆறும் ஒரு ஓமுக்குக் கீழ் வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பிகள் கிரவுண்டில் இணைந்திருப்பதால் வாசிப்பவரின் கை ஆம்பின் உடலோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முறையாக இருக்க வேண்டும். இரைச்சல் குறைகிறதென்று எர்த் முள்ளைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து.

விளைவு

ட்ரஸ் ராட் கால் சுற்றுத் தளர்த்தப்பட்டது. 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போவும் (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) கடைசி ஃப்ரெட்டில் விரலும் வைத்து, 8ஆம் ஃப்ரெட்டில் அளந்த நெக்கின் குழிவு 0.25 மி.மீ. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் 6ஆம் கம்பிக்கு 1.8, 1ஆம் கம்பிக்கு 1.4 மி.மீ. புதிய கம்பிகளை இழுத்துப் பழக்கியபின் ஆறு கம்பிகளும் 12ஆம் ஃப்ரெட்டில் 2 சென்ட்டுக்குள் நின்றன. 17ஆம் ஃப்ரெட்டில் 6ஆம் கம்பியின் பிழை 36 சென்ட்டிலிருந்து 3க்கு இறங்கியது. 1ஆம் கம்பி ஓரத்தில் வழுக்குவது நின்றது.

ஒலியில் ஒரு மாற்றம் உரிமையாளரின் காதுக்குத் தெரிந்தது. பிக்கப் குழிகள் நகரவில்லை, கம்பியின் முடிவு மட்டும் பின்னே போனதால் பிரிட்ஜ் பிக்கப் இப்போது சேடிலிலிருந்து சற்று அதிகத் தூரத்தில் இருக்கிறது. கூர்மை கொஞ்சம் குறைந்து ஒலி தடித்தது. பிக்கப்பின் 1ஆம் கம்பிப் பக்கத்தைச் சற்று உயர்த்தியதில் அவருக்கு நிறைவளிக்கும் நிலை வந்தது. சில மாதங்களுக்குப் பின் நடந்த மறுபார்வையில் இன்டோனேஷன் மாறவில்லை. குழிவு 0.3 ஆகியிருந்தது, ட்ரஸ் ராடைச் சிறிது இறுக்கினால் போதுமானதாக இருந்தது. முன்பக்கத்து அடைப்புகளைத் தேடிப் பார்த்தால் மெல்லிய வட்டமாகத் தெரிகின்றன. எண்ணெய் எத்தனை முறை போட்டாலும் அந்த வட்டம் முழுதாக மறையாது.

அடுத்த கிடாரில் மாற வேண்டியவை

உரிமையாளர் இரண்டாவது பாடி வெட்டத் தொடங்கியிருக்கிறார். அதற்காக இருவரும் சேர்ந்து வேலையின் வரிசையையே மாற்றினார்கள். பிரிட்ஜின் இடம் வரைபடத்தில் தோராயமாக மட்டும் குறிக்கப்படும். நெக் பள்ளம் வெட்டி, நெக்கைத் திருகி இறுக்கி, அந்த நெக்கின் நட்டிலிருந்தும் 12ஆம் ஃப்ரெட்டிலிருந்தும் அளந்தபிறகே பிரிட்ஜுக்குத் துளை விழும். பள்ளச் சுவரிலிருந்து ஸ்கேல் கோட்டுக்கு 184 மி.மீ. என்ற எண் ஒரு சரிபார்ப்புக்கு மட்டும். நெக் தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் ஹீலின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறலாம் என்பதால் அதை வைத்துத் துளைக்கக் கூடாது. வாங்கிய நெக்கைக் கவிழ்த்து, ஹீலின் முடிவையும் ஃப்ரெட்போர்டின் முடிவையும் தனித்தனியாக அளந்து, இரண்டையும் நெக்கின் மீதே டேப் ஒட்டி எழுதிவைப்பது முதல் நாள் வேலை.

நடுக்கோடு பாடியின் ஓரங்களிலிருந்து இனி எடுக்கப்படாது. பலகை வெட்டும் கட்டத்திலேயே பிக்கப் குழிக்குள்ளும் நெக் பள்ளத்துக்குள்ளும் கத்தி நுனியால் நடுக்கோடு கீறப்படும். மேல்பரப்பை எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் கீறல் குழிக்குள் நிலைத்திருக்கும். பாடி வழியாகக் கம்பி ஏற்றும் துளைகள், இரண்டு திருகுச் சோதனையும் வெளிக்கம்பிகளின் ட்யூனர் அளவும் முடிந்தபின், பிரிட்ஜ் தட்டையே அச்சாகக் கொண்டு, பாடி முழுவதும் எட்டும் ஸ்டாண்டு டிரில் கிடைக்கும் இடத்தில் போடப்படும். கருப்பு வன்பொருளாக இருந்தால் கம்பி ஏற்றுமுன்பே ஒவ்வொரு சேடிலிலிருந்தும் ஜாக்கின் உறை வரை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கப்படும்.

சுருதிப் பிழை எது வந்தாலும் அரத்தையோ ட்ரஸ் ராட் சாவியையோ கையில் எடுக்குமுன் 1, 5, 12, 17 ஆகிய நான்கு ஃப்ரெட்டுகளின் சென்ட் அளவுகள் தாளில் எழுதப்பட வேண்டும் என்பது சீரமைப்பவர் வற்புறுத்திய விதி. பிழை மேலே போகப்போக வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்துவிட்டே பிரிட்ஜிலா நட்டிலா கை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.